ஒரே மடல், பல திரைகள்: மின்னஞ்சல் வடிவமைப்பாளர் ஒருவருக்குக் கடிதம்

சந்தைப்படுத்தும் மின்னஞ்சல்களை வடிவமைக்கும் பணியில் புதிதாகச் சேர்ந்திருப்பவருக்கு,

இணையதளங்களுக்கு நிரல் எழுதிப் பழகியவர் மின்னஞ்சலுக்கு வரும்போது முதலில் இழப்பது ஜாவாஸ்கிரிப்ட்டை. பாதுகாப்பைக் கருதி மின்னஞ்சல் செயலிகள் அதை அறவே நீக்கிவிடுகின்றன. எனவே, பெறுநர் மடலைவிட்டு வெளியேறாமலேயே படங்களைத் தள்ளிப் பார்க்கவும், தலைப்பைத் தொட்டு விவரத்தை விரிக்கவும் வகைசெய்யும் ஊடாடும் மின்னஞ்சலை, பக்கத்தின் கட்டமைப்பைச் சொல்லும் எச்டிஎம்எல், தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் ஆகிய இரண்டை மட்டும் கொண்டே கட்ட வேண்டியிருக்கிறது.

அதற்குரிய அடிப்படை உத்தி எளிது. படிவங்களில் இடம்பெறும் செக்பாக்ஸ் அல்லது ரேடியோ பட்டனைப் பார்வையிலிருந்து மறைத்துவிட்டு, அதனுடன் இணைந்த லேபிளை மட்டும் அம்புக்குறியாகவோ வண்ணப்பொட்டாகவோ காட்டினால், பெறுநர் லேபிளைத் தொட்டதும் மறைந்திருக்கும் பொத்தான் தேர்வாகிவிடும். தேர்வான நிலையை அறிந்துகொள்ளும் சிஎஸ்எஸ் விதி, அதையொட்டி அடுத்த படத்தை வெளிக்கொணர்ந்து பழைய படத்தை மறைக்கும். ஒரே சட்டையின் 4 நிறங்களை ஒரே இடத்தில் மாற்றி மாற்றிக் காட்டும் மடல் இவ்வாறுதான் இயங்குகிறது. உலாவிகளில் பயன்படும் வெப்கிட் என்னும் காட்சிப்பொறியையே ஐபோனிலும் மேக் கணினியிலும் உள்ள ஆப்பிள் மெயில் கொண்டிருப்பதால், அங்கே இது குறையின்றி நடக்கிறது; புதியவர்கள் பலரும் அங்கே மட்டும் பார்த்து மனநிறைவு அடைந்துவிடுகிறார்கள் என்பதுதான் சிக்கல்.

தொழிலில் அதிகம் திட்டு வாங்குவது விண்டோஸ் கணினியில் நிறுவப்படும் பழைய வகை அவுட்லுக். 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் மைக்ரோசாப்ட், அதுவரை மடல்களைக் காட்டிவந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பொறியை விலக்கிவிட்டு, ஆவணம் எழுதும் வேர்ட் மென்பொருளின் பொறியை அதில் பொருத்தியது. 2009இல் வடிவமைப்பாளர்கள் ட்விட்டரில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தபோதும், மடல் எழுதுவதற்கு வேர்டே சிறந்த கருவி என்று வாதிட்டு அந்நிறுவனம் தன் முடிவில் நின்றது. அந்தப் பொறிக்குத் தேர்வு நிலை பற்றிய விதி தெரியாது. பின்னணிப் படத்தைக்கூட விஎம்எல் என்னும் பழைய வரைகலைக் குறிமொழியில் தனியாக எழுதித் தர வேண்டும். ஆயினும் அதற்கு ஒரு நற்குணம் உண்டு: அதற்கென்றே எழுதப்படும் நிபந்தனைக் குறிப்புகளை அது மதிப்பதால், எந்தப் பகுதியை அது காட்ட வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். எதையும் செய்யாத செயலி, அவ்வகையில், நம்பத்தக்க செயலியே.

உண்மையில் அஞ்ச வேண்டியது பாதி செய்யும் செயலிக்குத்தான். ஜிமெயில் 2016 செப்டம்பரில், மடலின் தலைப்பகுதியில் எழுதப்படும் ஸ்டைல் தொகுதியையும், திரையின் அகலத்துக்கேற்பத் தோற்றத்தை மாற்றும் மீடியா குவெரி விதிகளையும் ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது. ஆனால் தேர்வு நிலையை அறியும் விதியை இன்றும் அது ஏற்பதில்லை. முதல் படத்தைத் தவிர மற்ற மூன்றையும் தொடக்கத்திலேயே மறைத்துவைத்து எழுதப்பட்ட மடல் ஜிமெயிலுக்குச் சென்றால், மறைக்கும் விதி பிழைத்துக்கொள்ளும். வெளிக்கொணரும் விதி நீக்கப்பட்டுவிடும். பெறுநர் எத்தனை முறை அம்புக்குறியைத் தொட்டாலும் எதுவும் நகராது, பிழைச்செய்தியும் வராது, வேறு 3 நிறங்கள் இருந்தன என்பதே அவருக்குத் தெரியாமல் போகும்.

ஆகவே மடலின் இயல்பு நிலை எப்போதும் முழுமையான நிலைவடிவமாக, அதாவது 4 நிறங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாகவோ கட்டமாகவோ தெரியும் வடிவமாக இருக்க வேண்டும்; ஊடாடும் பகுதியோ இயல்பாகவே மறைந்திருக்க வேண்டும். முன்பே தேர்வு செய்யப்பட்ட ஒரு செக்பாக்ஸை யாருக்கும் தெரியாமல் மடலின் மேற்பகுதியில் வைத்து, அது தேர்வாகியிருந்தால் ஊடாடும் பகுதியைக் காட்டி நிலைவடிவத்தை மறைக்குமாறு விதி எழுதினால், அந்த விதியைப் புரிந்துகொள்ளும் செயலி மட்டுமே திரையை மாற்றும். புரியாத செயலி தானாகவே நிலைவடிவத்தில் நின்றுவிடும். தனக்குப் பிடிக்காத ஒன்றைக் கண்டால் ஜிமெயில் சில வேளைகளில் ஸ்டைல் தொகுதி முழுவதையுமே தூக்கிவிடும் என்பதால், இவ்விதிகளை வேறொரு தொகுதியில் தனித்து எழுதுவது நல்லது. இரு வடிவங்களையும் சுமப்பதால் மடலின் எடை கூடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்: ஏறத்தாழ 102 கிலோபைட்டுக்கு மேற்பட்ட எச்டிஎம்எல்லை ஜிமெயில் இடையில் வெட்டி, மீதியை ஓர் இணைப்புக்குப் பின்னால் ஒதுக்கிவிடும், அடியில் உள்ள சந்தா விலகும் இணைப்பும் அதோடு மறைந்துபோகும்.

பெறுநரின் முகவரியைப் பார்த்துச் செயலியை ஊகிப்பது பலரும் செய்யும் பிழை. ஜிமெயில் முகவரி உடைய ஒருவர் தம் மடல்களை ஆப்பிள் மெயிலில் படித்தால் ஊடாடும் வடிவம் அவருக்கு முழுமையாகக் கிடைக்கும். மாறாக, அலுவலக முகவரியை ஜிமெயில் செயலியில் இணைத்துப் படிப்பவருக்கு ஸ்டைல் தொகுதியே கிடைக்காமல் போகலாம். அவுட்லுக் என்ற ஒரே பெயருக்குள்ளும் விண்டோஸின் பழைய வகையில் வேர்ட் பொறி, மேக்கில் வெப்கிட், இணையத்தில் உலாவியும் அதன்மேல் மைக்ரோசாப்ட்டின் வடிகட்டியும் என மூன்று வெவ்வேறு உலகங்கள் இருக்கின்றன.

செக்பாக்ஸ் உத்தி போன்ற குறுக்குவழிகளுக்கு மாற்றாகக் கூகுள் 2019 மார்ச்சில் ஜிமெயிலில் அறிமுகப்படுத்தியது ஏஎம்பி மின்னஞ்சல். வெறும் உரை, எச்டிஎம்எல் ஆகிய இரு வடிவங்களோடு மூன்றாவதாக ஏஎம்பி வடிவமும் ஒரே மடலில் பயணம் செய்யும். அதைப் புரிந்துகொள்ளும் செயலி, படிவத்தை நிரப்பி அனுப்புவது, அந்நேரத்து விலையை வழங்கியிலிருந்து பெற்றுக் காட்டுவது போன்றவற்றை மடலுக்குள்ளேயே செய்துதரும். சில செயலிகள் கடைசியாக வரும் வடிவத்தையே காட்டும் என்பதால், ஏஎம்பி வடிவத்தை உரைக்கும் எச்டிஎம்எல்லுக்கும் இடையில் வைப்பதே பாதுகாப்பானது. அனுப்புநர் கூகுளிடம் முன்பதிவு செய்ய வேண்டும். ஆள்மாறாட்டத்தைத் தடுக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் சோதனைகளையும் மடல் தாண்டியாக வேண்டும். யாஹூ மெயிலும் ரஷ்யாவின் மெயில்.ரு சேவையும் இதை ஏற்றன; ஆப்பிள் ஏற்கவில்லை; மைக்ரோசாப்ட் இணைய அவுட்லுக்கில் சோதித்துப் பார்த்துவிட்டு 2020இல் கைவிட்டது. பெறுநர் மடலை நண்பருக்கு முன்னனுப்பினால் ஏஎம்பி பகுதி உதிர்ந்துவிடும் என்பதால், இங்கும் நிலைவடிவத்தைத் தவிர்க்க வழியில்லை. இவ்வளவு ஏற்பாடும் விலையோ இருப்போ மணிக்கொருமுறை மாறும் வணிகத்துக்குத் தகும். பருவத்துக்கு ஒருமுறை செல்லும் அறிவிப்புக்கு இது வீண் செலவு.

பயன் கிடைத்ததா என்று அளப்பதிலும் எச்சரிக்கை தேவை. 2021இல் ஐஓஎஸ் 15உடன் ஆப்பிள் மெயிலுக்கு வந்த தனியுரிமைப் பாதுகாப்பு, பெறுநர் மடலைத் திறக்காவிட்டாலும் அதன் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால், திறப்பு விகிதத்தை முன்போல் நம்ப முடியாது. ஊடாடும் வடிவம் நன்றாக இயங்குவதும் பெரும்பாலும் அதே ஆப்பிள் மெயிலில்தான். எனவே நிலைவடிவத்தின் இணைப்புகளுக்கும் ஊடாடும் வடிவத்தின் இணைப்புகளுக்கும் வெவ்வேறு அடையாளங்கள் இட்டு, சொடுக்குகளை மட்டும் ஒப்பிடுவதே நேர்மையான கணக்கு.

வாடிக்கையாளரின் ஒப்புதலைப் பெறும்போது அவருடைய ஐபோனில் அழகாகச் சுழலும் வடிவத்தை முதலில் காட்டாமல், விண்டோஸ் அவுட்லுக்கில் அசையாமல் நிற்கும் வடிவத்தின் படத்தையே முதலில் காட்ட வேண்டும். அதைப் பார்த்து இதுவே போதும் என்று அவர் சொன்னால், மற்றதைக் கட்டும் செலவை அவரிடம் வற்புறுத்த வேண்டியதில்லை.