தேதியை அவர்கள் குறிக்கட்டும்

சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு, விசா கிடைக்கும் என்று ஆஸ்திரேலியச் சிற்றூர்களுக்கு வேலைக்குப் போகும் நம் ஆட்கள் இப்போது நிறைய. நீங்களும் அப்படித்தான் போயிருப்பீர்கள். நான் நியூ சவுத் வேல்ஸில் டப்போ பக்கம், விராஜூரி மக்களின் மண்ணில், குழந்தைகள் நலப் பணியில் இருந்தவள். சேர்ந்ததும் பண்பாட்டுப் பயிற்சி என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். சுவருக்கு அழகாக இருக்கும்.

அதில் வராத சிலவற்றைச் சொல்கிறேன். முதலில், அலுவலகக் காரை வீட்டு வாசலில் நிறுத்தாதீர்கள். தெருமுனையில் விட்டுவிட்டு நடந்து போங்கள். காரணம் இருக்கிறது. 1915-ல் இந்த மாநிலத்தில் வந்த சட்டத் திருத்தம், நீதிமன்றத்துக்கே போகாமல் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கும் அதிகாரத்தை அரசு வாரியத்துக்குக் கொடுத்தது. அதன் வழிவந்த வாரியம் கலைக்கப்பட்டது 1969-ல்தான். நான் போய்வந்த வீட்டில் ஒரு ஆன்ட்டி. அங்கே மூத்தவர்களை ஆன்ட்டி, அங்கிள் என்பது மரியாதை. அவருடைய அம்மா அப்படிப் பிரிக்கப்பட்டு, கூட்டமுண்ட்ரா இல்லத்தில் வளர்க்கப்பட்டவர். வெள்ளைக்காரர் வீடுகளில் வேலைக்காரியாகப் போவதற்குத்தான் அங்கே பயிற்சி. இதற்கெல்லாம் 2008-ல் அப்போதைய பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார், நல்லது. ஆனால் வாசலில் கார் நின்றால் பிள்ளைகள் இன்னும் பின்வாசலுக்குத்தான் ஓடுகிறார்கள்.

"நீ எந்த ஊர், உன் ஆட்கள் யார்?" என்று கேட்பார்கள். சொந்த விஷயம் பேசக்கூடாது என்று விறைத்துக்கொள்ளாமல் முழுசாகச் சொல்லுங்கள். நான் அப்பத்தா வரைக்கும் சொன்னேன். "பாட்டிதான் வளர்த்தாளா? அப்போ உனக்குப் புரியும்" என்றார் ஆன்ட்டி. அதற்குப் பிறகுதான் பேரனைப் பற்றிப் பேசினார். கேள்விக்கு 'ஆமாம்' என்று வந்தால் உடனே படிவத்தில் டிக் போட்டுவிடாதீர்கள்; உங்களை அனுப்பிவைப்பதற்காகச் சொன்ன 'ஆமாம்' ஆகவும் இருக்கும். பேசாமல் உட்கார்ந்திருந்தால் உண்மையான பதில் பின்னால் வரும்.

எல்லாவற்றையும் கெடுத்தது ஒரு தேதி. அந்தப் பேரனை யாரிடம் விடுவது என்று முடிவெடுக்கும் கூட்டம் நெருங்கும்போது, பர்க் ஊரில் இருந்த ஆன்ட்டியின் தம்பி இறந்துவிட்டார். அவர்கள் இதை 'சாரி பிசினஸ்' என்பார்கள். சொந்தமெல்லாம் ஊர் ஊராகத் திரண்டு போகும். அடக்கம் முடியவே வாரக்கணக்காகும். தள்ளிவையுங்கள் என்று மேலதிகாரியிடம் கெஞ்சினேன். எங்களோடு வேலை பார்த்த ஒரே பூர்வகுடிப் பணியாளரும் அதையே சொன்னார்; கொடியேற்ற நாளில் அவரை முன்வரிசையில் உட்கார வைப்பார்கள், முடிவெடுக்கும் மேசைக்குக் கூப்பிட மாட்டார்கள். மேலதிகாரி கேட்கவில்லை; காலாண்டுக் கணக்கு முடிய வேண்டுமாம். பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் தபாலில் அழைப்பு போனது. 'பாட்டி ஒத்துழைக்கவில்லை' என்று குறிப்பு எழுதப்பட்டது. ஆறு வயதுப் பையன் கடற்கரை ஊரில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்குப் போனான்.

மாநிலத்தின் 1998-ஆம் ஆண்டுச் சிறார் பராமரிப்புச் சட்டத்தின் 13-வது பிரிவில் வரிசை தெளிவாக இருக்கிறது: முதலில் உறவினர், அடுத்து பிள்ளையின் சமூகத்தார், அடுத்து அக்கம்பக்கத்தில் வேறு பூர்வகுடிக் குடும்பம், கடைசியில்தான் மற்றவர்கள். ஆன்ட்டி வீட்டில் அவனுக்குக் கட்டில் தயாராக இருந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதைப் பொருத்தியவர்களில் நானும் ஒருத்தி. திருப்புளி என் கையில், திருகாணி டப்பா ஆன்ட்டியின் மடியில். அதற்கு 'தொழில்முறை எல்லையை மீறினார்' என்று என் கோப்பில் ஒரு வரி. இன்னொரு கட்டில் வந்தாலும் பொருத்துவேன்.

ஊர் திரும்பிய ஆன்ட்டி என்னை உள்ளே விடவில்லை. "உன்மேல் கோபமில்லை. ஆனால் நீயும் வெல்ஃபேர்தான்." பிள்ளைகளைப் பிரிக்கும் அலுவலகத்தை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

ஆகவே, தேதி குறிப்பதற்கு முன் ஊரில் துக்கம் ஏதும் உண்டா என்று பூர்வகுடிகள் நடத்தும் மருத்துவ மையத்தில் விசாரியுங்கள். அம்மாவோடு நிறுத்தாமல், பிள்ளைக்காகப் பேசும் உரிமை எந்தெந்தப் பெரியம்மா, மாமாவுக்கு உண்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேலதிகாரி மறுத்தால் மின்னஞ்சலில் மறுக்கச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு பிறகு யாருக்கும் நினைவிருக்காது. நிரந்தர வசிப்புரிமை வந்ததும் சிட்னிக்கு வண்டி ஏறிவிடாதீர்கள். அப்படிப் போனவர்களை அந்தக் குடும்பங்கள் நிறையப் பார்த்துவிட்டன.

நான் அலுவலகத்தை விட்டேன், ஊரை விடவில்லை. பூர்வகுடிகளே நடத்தும் அமைப்பில் இப்போது வேலை, சம்பளம் குறைவு. ஆன்ட்டியின் கதவு திறக்கப் பல மாதமாயிற்று. பேரனைப் பிரித்த உத்தரவை மாற்றச் சொல்லி அவர் சிறுவர் நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறார். வாய்தாவுக்கு அவரை என் காரில்தான் கூட்டிப் போகிறேன். பழைய அலுவலகம் இதையும் கோப்பில் எழுதிக்கொள்ளட்டும்.