கூண்டுப் பறவைக்குக் காய்கறி

பறவை வளர்ப்போர் பலர். பறவையின் வயிற்றை அறிந்தோர் சிலர். அறியாதோருள் நானும் ஒருவனாக இருந்தேன்.

கழக்கூட்டத்தில் நான் தங்கியுள்ள வீட்டில் இரண்டு 'லவ் பேர்ட்ஸ்' இருந்தன. கடைக்காரர் இட்ட பெயர் அது. உண்மையில் அவை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பட்ஜரிகர் கிளிகள். 1840இல் ஜான் கூல்ட் என்னும் பறவையியல் அறிஞர் அவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். (நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதோ 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.)

ஒரு மாலை, கடையில் வாங்கிய கொத்தமல்லித் தழையை ஒருமுறை நீரில் அலசி அவற்றுக்கு இட்டேன். மறுநாள் காலை ஒன்று இறந்து கிடந்தது. தழைதான் கொன்றது என்பதற்குச் சான்றில்லை. அன்று என்பதற்கும் சான்றில்லை. வீட்டுச் சிறுமி காரணம் கேட்டாள். அறிவியல் பயிலும் எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அதன்பின் தேடிக் கற்றதையே இங்கு எழுதுகிறேன்.

முதற்கண், காய்கறி எதற்கு? தினை போன்ற தானியங்களில் உயிர்ச்சத்து 'ஏ' மிகக் குறைவு. தானியம் மட்டுமே தின்னும் கிளிக்கு வாயின் உட்தோலும் மூச்சுக்குழலின் உட்தோலும் தடித்து, நோய்க்கிருமிகள் எளிதில் புகும். கேரட், பரங்கிக்காய், முருங்கைக்கீரை ஆகியவற்றிலுள்ள கரோட்டீன் இக்குறையைப் போக்கும்.

இரண்டாவது, அளவு. பட்ஜரிகரின் எடை ஏறத்தாழ 35 கிராம். 60 கிலோ எடையுள்ள மனிதன் அதைப்போல் 1,700 மடங்கு பெரியவன். நமக்குத் துளியாகத் தோன்றும் நஞ்சு அதற்குக் கடல்!

மூன்றாவது, விலக்க வேண்டியவை. 'பட்டர் புரூட்' எனப்படும் அவகாடோவில் பெர்சின் என்னும் நஞ்சு உண்டு. அது பறவையின் இதயத் தசையைக் கெடுக்கும். வெங்காயமும் பூண்டும் ஆகா. நம் பல்கலைக்கழகத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் 1963இல் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. அங்கு ஆராயப்படும் மரவள்ளியை இங்குள்ளோர் வேகவைத்தே உண்பர். அதன் பச்சைக் கிழங்கையோ இலையையோ கடித்தால், லினமரின் என்னும் பொருள் சிதைந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும். ஆகவே அதைக் கூண்டருகே வைக்கவும் கூடாது.

நான்காவது, பக்குவம். ஒரு லிட்டர் நீரில் 20 கிராம் புளியைக் கரைத்து வடிகட்டி, காய்கறியைக் கால்மணி நேரம் ஊறவிட்டு, பின் நல்ல நீரில் மூன்று முறை கழுவுக. மேலே படிந்த பூச்சிமருந்தின் பெரும்பகுதி இதனால் நீங்கும். ஆனால் செடிக்குள் ஊடுருவிய மருந்தை எந்த நீரும் கழுவாது. வெங்காயம் அரிந்த பலகையில் அரியாது, பொடியாக நறுக்கி, பறவைக்கு ஒரு தேக்கரண்டி அளவு இடுக. இவ்வூர்ப் புழுக்கத்தில் காய் விரைவில் அழுகும். இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுக.

எல்லாவற்றினும் சிறந்தது, மருந்தடிக்காத நம் வீட்டுக் கீரை. எஞ்சிய பறவைக்கு இப்பொழுது கொல்லை முருங்கையிலிருந்து நாள்தோறும் ஓர் ஈர்க்கு பறிக்கிறோம். கழுவும் வேலையைச் சிறுமி என்னிடம் விடுவதில்லை. தானே மூன்று முறை எண்ணிக் கழுவுகிறாள்.

தோழர்களே, அன்பு மட்டும் போதாது. அன்போடு அறிவும் வேண்டும். கூண்டிலிருக்கும் உயிர் தன் இரையைத் தானே தேர்ந்துகொள்ள இயலாது. அந்தத் தேர்வு நம் கையில் இருக்கிறது.