பிரிந்தோரைச் சேர்க்கும் பாதை

நான்கு பெருந்தீவுகளையும் ஆயிரக்கணக்கான சிறுதீவுகளையும் கொண்ட நாடு ஜப்பான். அதன் நிலப்பரப்பில் பெரும்பகுதி மலையும் காடுமே ஆகும். மலைத்தொடர்களும் கடலும் ஊர்களைப் பிரித்துவைத்துள்ள அந்நாட்டில், கல்விக்காகவும் தொழிலுக்காகவும் பிரிந்து சென்றோரை மீண்டும் ஒன்றுசேர்க்கும் அரும்பணியைத் தொடர்வண்டிகள் ஆற்றிவருகின்றன.

தொலைவை வென்ற விரைவு

1964ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ‘ஷின்கான்சென்’ எனப்படும் அதிவிரைவுத் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. அதுவரை ஆறரை மணிநேரம் பிடித்த பயணம் நான்கு மணிநேரமாகக் குறைந்தது. இன்று அது ஏறத்தாழ இரண்டரை மணிநேரப் பயணமே. ஹொன்ஷூ, ஹொக்காய்டோ ஆகிய தீவுகளைக் கடலுக்கடியில் இணைக்கும் செய்கான் சுரங்கப்பாதை 1988இல் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 54 கிலோமீட்டர். 2016 முதல் அதன்வழியே அதிவிரைவு வண்டிகளும் செல்கின்றன. ஆகவே, இடையில் வண்டி மாறி, ஹொக்காய்டோவின் தென்பகுதியிலிருந்து கியூஷூவின் தென்கோடியிலுள்ள ககோஷிமா வரை அதிவிரைவு வண்டிகளிலேயே பயணம் செய்ய முடிகிறது.

சந்திப்பின் நிலையங்கள்

முன்னோரை நினைவுகூரும் ஓபோன் விழாவின்போதும் புத்தாண்டின்போதும் பெருநகரத்தார் சொந்த ஊர் திரும்புகின்றனர். அந்நாள்களில் நடைமேடைகள் மக்கள் வெள்ளத்தால் நிறைகின்றன. அந்தந்த வட்டாரத்து விளைபொருள்களைக்கொண்டு ஆக்கப்பட்ட ‘எகிபென்’ என்னும் உணவுப்பெட்டிகள் நிலையங்களில் விற்கப்படுகின்றன. ஊர் சென்று சேருமுன்னரே ஊரின் சுவை பயணியை வந்தடைகிறது.

டோக்கியோவின் ஷிபுயா நிலையத்திற்கு வெளியே ஹச்சிகோ என்னும் நாயின் சிலை உள்ளது. 1925இல் மறைந்த தன் தலைவரின் வருகையை எதிர்நோக்கி, ஏறத்தாழ பத்தாண்டுகள் அந்நிலையத்திற்கு வந்து காத்திருந்த நாய் அது. போர்க்காலத்தில் உருக்கப்பட்ட அதன் சிலை, 1948இல் மீண்டும் நிறுவப்பட்டது. தலைவரைக் காணாமலே மடிந்த அந்நாயின் சிலையடியில்தான், இன்று நண்பர்கள் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து சந்திக்கின்றனர்.

ஐந்தாம் நாள் ஓடிய வண்டி

2011 மார்ச் 11 அன்று ஏற்பட்ட பெருநிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வடகிழக்குக் கடற்கரையைச் சிதைத்தன. அங்குள்ள சான்ரிக்கு என்னும் சிறு இருப்புப்பாதையின் பாலங்களும் தண்டவாளங்களும் பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டன. பாதை முழுவதும் சீரடையும்வரை அந்நிறுவனம் காத்திருக்கவில்லை. சேதம் குறைந்திருந்த குஜி, ரிக்குச்சூ நோடா நிலையங்களுக்கு இடையே, ஐந்தாம் நாளிலேயே வண்டியை இயக்கியது. ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவே கொண்ட அப்பாதையில் தொடக்க நாள்களில் கட்டணம் பெறப்படவில்லை. சாலைகள் இடிபாடுகளால் அடைபட்டுக் கிடந்த வேளையில், உறவினரையும் நண்பரையும் தேடிச் செல்வோர்க்கு அவ்வண்டி வழியாயிற்று.

2014 ஏப்ரலில் அந்நிறுவனத்தின் பாதை முழுமையாகச் சீரமைக்கப்பட்டது. 2019இல் வீசிய சூறாவளி அதை மீண்டும் சிதைத்தது; 2020 மார்ச்சில் அது மீண்டும் முழுமையாக இயங்கலாயிற்று. பயணிகள் குறைந்த பாதை என்று கருதி அதனைக் கைவிட்டிருக்கலாம். ஆனால், ஒரு பாதையின் பயனை அதில் செல்வோரின் எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் இயலாது. மறுமுனையில் ஒருவர் காத்திருக்கும்வரை அப்பாதை தேவையானதே ஆகும்.