தரம் ஆறுக்கு வரும் தம்பி தங்கைகள்

அன்பு மகள்,

இந்த வருடம் உனக்கு மாணவத் தலைவி பொறுப்புக் கிடைத்திருக்கிறது. வாசலில் நின்று பிந்தி வருபவர்களின் பெயரை எழுதவும், காலைக்கூட்டத்தில் வரிசையை ஒழுங்குபடுத்தவும் சொல்லித் தந்திருப்பார்கள். அவற்றைவிடப் பெரிய வேலை ஒன்று முதலாம் தவணையில் இருக்கிறது. தரம் 6 க்குப் புதிதாக வரும் பிள்ளைகளைக் கவனிப்பதுதான் அது. அந்த வேலையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வாழைச்சேனையைச் சுற்றிய ஊர்களில் சின்னப் பாடசாலைகள் சில, தரம் 5 உடன் முடிந்துவிடுகின்றன. அங்கே வீட்டுக்குப் பக்கத்திலேயே படித்த பிள்ளை, பதினொரு வயதில் ஆயிரம் பேர் நடமாடும் ஒரு வளாகத்துக்குள் நுழைகிறது. அந்த வளாகத்தில் ஆரம்பப் பிரிவிலிருந்தே படித்து வந்தவர்கள் ஏற்கெனவே கூட்டாளிகளாக இருப்பார்கள். வெளியிலிருந்து வந்த பிள்ளை கடைசி வாங்கில் ஒதுங்கிவிடும். முதல் நாளே உன் கண்ணில் பட வேண்டியது அந்த வாங்குதான்.

அந்தப் பிள்ளைக்கு என்னவெல்லாம் மாறுகிறது என்று ஒரு தடவை எண்ணிப் பார். தரம் 5 வரை தமிழ், கணிதம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று பெரும்பாலானவற்றை ஒரே ரீச்சர்தான் படிப்பித்தார். பிள்ளைக்குக் காய்ச்சலா, வீட்டில் சண்டையா, முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கிவிடும். தரம் 6 இல் விஞ்ஞானம், வரலாறு, புவியியல், சுகாதாரம், செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள், இரண்டாம் மொழிச் சிங்களம் என்று பாடங்கள் பெருகுகின்றன. சுமார் நாற்பது நிமிடத்துக்கு ஒருதரம் மணி அடிக்கும், வேறொரு ஆசிரியர் வருவார். அவர்களில் ஒருவருக்கும் இந்தப் பிள்ளையின் பெயர் இன்னும் மனத்தில் பதிந்திருக்காது. நேரசூசியைப் பார்த்துக் கொப்பி அடுக்கத் தெரியாத பிள்ளை எல்லாப் புத்தகங்களையும் பையில் திணித்துக்கொண்டு வரும். வீட்டுவேலையை மூன்று ஆசிரியர்கள் ஒரே நாளில் தருவார்கள். எதை முதலில் செய்வது என்று வீட்டில் சொல்லித்தர ஆளில்லாமலும் இருக்கலாம்.

இதோடு தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் சுமையும் சேர்ந்து வருகிறது. அரசாங்க சபைக் காலத்தில் கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1940 களில் இலவசக் கல்வியையும் மத்திய கல்லூரிகளையும் கொண்டுவந்தபோது, கிராமத்து ஏழைப் பிள்ளைக்கு நல்ல பாடசாலையின் கதவைத் திறப்பதற்கென்றே அந்தப் பரீட்சை பிறந்தது. இன்று ஏறத்தாழ மூன்று இலட்சம் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் அதை எழுதுகிறார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டுவது அவர்களில் சிறு பகுதி மட்டுமே. மற்றவர்கள் பத்து வயதிலேயே தோற்றுப்போனதாக நினைத்துக்கொண்டு தரம் 6 இன் படியேறுகிறார்கள். இது கொடுமை. கலியாண வீட்டிலும் கடைத்தெருவிலும் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை புள்ளி?" என்பதுதான். உன் வாயிலிருந்து அந்தக் கேள்வி வரவே கூடாது. பெயரைக் கேள், ஊரைக் கேள், யாரோடு வருகிறாய் என்று கேள்.

பிள்ளைகள் இந்த மாற்றத்தில் தடுமாறுவது இலங்கையில் மட்டுமல்ல. மொரிஸ் கோல்டனும் அவருடைய சகாக்களும் 1999 இல் இங்கிலாந்தில் வெளியிட்ட ஆய்வறிக்கை, இடைநிலைப் பாடசாலைக்கு மாறிய பிள்ளைகளில் ஐந்தில் இரண்டு பேர் வரை அடுத்த ஆண்டில் எதிர்பார்த்த முன்னேற்றத்தை எட்டவில்லை என்றது. மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்த பிள்ளைக்கு இடைநிலையில் பயிற்றுமொழியே மலாய்க்கு மாறிவிடுகிறது. மொழியில் தேறாதவர்களுக்காகப் புகுமுக வகுப்பு என்று ஓராண்டு தனியாக வைத்திருக்கிறார்கள். நம்முடைய பிள்ளைக்கு மொழி மாறுவதில்லை. ஆனால் பழகிக்கொள்வதற்கென்று ஒரு வாரம்கூட ஒதுக்கப்படாத இடங்கள் உண்டு.

உனக்கு மிகவும் பயன்படக்கூடியது அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் நடந்த ஒரு சோதனை. ஜெப்ரி போர்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 11 பாடசாலைகளில் 1,304 ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு, அதே வகுப்பை முன்னர் கடந்துபோன மாணவர்கள் சொன்னவற்றை வாசிக்கக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் பயமாக இருந்தது, கூட்டாளி கிடைக்கவில்லை, பரீட்சையை நினைத்து நடுங்கினோம், கொஞ்சக் காலத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்பதுதான் அவற்றின் சாரம். வாசித்த பிறகு பிள்ளைகள் தங்கள் மனத்தில் இருப்பதை எழுதினார்கள். வருடத் தொடக்கத்தில் நடந்த இரண்டு சிறு பயிற்சிகள், அவ்வளவுதான். 2019 இல் வெளிவந்த முடிவுகளின்படி, வேறு விடயங்களைப் பற்றி எழுதிய பிள்ளைகளோடு ஒப்பிடும்போது இவர்கள் பாடங்களில் தவறுவது 18 சதவீதமும், பாடசாலைக்கு வராமல் நிற்பது 12 சதவீதமும், ஒழுக்கப் பிரச்சினைகளில் மாட்டுவது 34 சதவீதமும் குறைந்திருந்தன.

கட்டடமோ கணினியோ பெரிய செலவோ அந்தச் சோதனைக்குத் தேவைப்படவில்லை. மூத்த மாணவர்கள் உள்ளதை உள்ளபடி சொன்னதே அதன் பலம். "பயப்படாதே" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டால் பிள்ளை தன் பயத்தை ஒளித்துக்கொள்ளும். "எனக்கும் முதல் மாதம் அழுகையாகத்தான் இருந்தது, இந்த ரீச்சரிடம் போய்க் கேட்டேன், பிறகு விளங்கியது" என்றால் அதற்கு வழி தெரியும்.

இந்த மண்ணின் பெரியவரான சுவாமி விபுலானந்தரும் சிறுவன் மயில்வாகனமாகக் காரைதீவை விட்டுக் கல்முனைக்கும், பிறகு மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரிக்கும் படிக்கப் போனவர்தான். புதிய பாடசாலையும் புதிய முகங்களும் அவருக்கும் இருந்தன. தரம் 6 பிள்ளைகளிடம் அவரைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்.

சின்ன வேலைகளும் உண்டு. மலசலகூடம் எங்கே, குடிநீர்க் குழாய் எங்கே, நூலகத்துக்கு எப்போது போகலாம் என்று முதல் நாளே கூட்டிச் சென்று காட்டு. வெட்கத்தில் கேட்காமல் பகல் முழுக்க அடக்கிக்கொண்டு இருக்கும் பிள்ளைகள் உண்டு. நேரசூசியை அட்டையின் உட்பக்கத்தில் எழுதவும், மறுநாளுக்கான கொப்பிகளை இரவே எடுத்து வைக்கவும் பழக்கிவிடு. பட்டப்பெயர் வைத்துச் சிரிக்கும் பெரிய வகுப்புப் பையன்களைக் கண்டால் உடனே வகுப்பாசிரியரிடம் சொல். அதைப் பகிடி என்று விட்டுவிடாதே. மாரி காலத்தில் வாசலில் பெயர் எழுதும்போது, யார் எங்கிருந்து வருகிறார் என்றும் பார். ஆற்றுக்கு அப்பால் முருக்கன்தீவுப் பக்கமிருந்து துறை கடந்து வரும் பிள்ளை பிந்துவதும், சந்திக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை பிந்துவதும் ஒன்றல்ல.

இன்னும் ஒன்று. இலங்கையில் 16 வயது வரை கல்வி கட்டாயம். அப்படியிருந்தும் இடையில் நின்றுவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு பிள்ளை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால் காரணத்தைத் தேடு. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, சப்பாத்துக் கிழிந்துவிட்டது என்று காரணம் சின்னதாக இருக்கலாம். வகுப்பாசிரியருக்கு அது தெரிந்தால் தீர்த்துவைக்க முடியும்.

இந்தக் கிழமையே உன் வகுப்பாசிரியரிடம் அனுமதி கேள். தரம் 7 பிள்ளைகள் பத்துப் பேரிடம் ஆளுக்கொரு தாள் கொடுத்து, சென்ற வருடம் முதல் மாதம் எப்படி இருந்தது, எது கஷ்டமாக இருந்தது, யார் உதவினார்கள் என்று எழுதச் சொல். பெயர் போட வேண்டாம். எழுத்துப்பிழை திருத்தவும் வேண்டாம். அந்தத் தாள்களைத் தரம் 6 வகுப்பில் வாசித்துக் காட்டு, பிறகு புதிய பிள்ளைகளையும் எழுதவிடு. கடைசி வாங்கில் இருப்பவர் எழுதியதை நீயே வாங்கி வாசி.