நின்ற இடத்தில் குலுங்கும் பிக்கப்

தெருவில் ஓடும்போது இழுவைக்குக் குறைவில்லை. சந்தியில் வேகத்தைக் குறைத்து அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தவுடன் வண்டி முழுவதும் குலுங்குகின்றது, கதவும் கண்ணாடியும் சலசலக்கின்றன, சிலவேளை எஞ்சின் அணைந்தும் விடுகின்றது. பழைய பெற்றோல் பிக்கப் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. காலை எடுத்தபின் எஞ்சின் தானாக மெதுவாக ஓடுவதைக் கராஜ்களில் "ஸ்லோ" என்பார்கள். அந்த ஸ்லோ கெட்டால் என்ன செய்யலாம் என்பதை இங்கு பார்ப்போம். டீசல் வண்டிகளுக்கு இது பொருந்தாது.

"குலுங்கினால் குலுங்கட்டும், சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்" என்று விட்டுவிடக் கூடாது. பிரேக்குக்கு உதவியாக வெற்றிட பூஸ்ரர் பூட்டிய வண்டிகள் பல உள்ளன. எஞ்சின் அணைந்தால் அந்த உதவி இரண்டு மூன்று மிதிப்புடன் தீர்ந்துவிடும். பெடல் கல்லுப்போல் இறுகும். பின்தட்டில் வெங்காய மூடைகளும், மூடைகளுக்கு மேல் ஆட்களும் இருக்கும் வேளையில் அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஸ்லோ கெட்டதும் பலரும் முதலில் செய்வது காபரேற்றர் திருகாணியைத் திருப்புவதுதான். இதற்கு ஒரு காரணம் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அப்போது திருகாணியோடு மல்லுக்கட்டாமல் வண்டி ஓட்ட முடியாது. அந்தக் கைப்பழக்கம் பெற்றோல் வந்த பின்னரும் போகவில்லை. ஆனால் நேற்றுவரை ஒழுங்காக ஓடிய வண்டியில் திருகாணி தானாகத் திரும்புவது அரிது. பழுது வேறெங்கோ இருக்க, திருகாணியைத் திருப்பினால் இருந்த ஒழுங்கும் போய்விடும். பிறகு கராஜ்காரருக்கும் வேலை இரட்டிப்பாகும். ஆகவே திருகாணியைக் கடைசியாகவே தொடுங்கள்.

முதலில் அறிய வேண்டியது, நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து தடுமாறுகின்றனவா அல்லது ஒன்று மட்டும் வேலை செய்யாமல் இருக்கின்றதா என்பதே. சீராக "டக், டக்" என்று ஒரே இடைவெளியில் விட்டு விட்டுக் குலுங்கினால் பெரும்பாலும் ஒரு சிலிண்டர்தான். அது எது என்று அறிய, வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். எஞ்சின் புகையில் மணமில்லாத நச்சுவாயு உண்டு. மூடிய கொட்டிலுக்குள் இவ்வேலை ஆகாது. கியரை வெற்றில் விட்டு, கைப்பிரேக்கை இழுத்து, சில்லுக்குக் கல் வையுங்கள். சாரத்தை மடித்து இறுக்கிக் கட்டுங்கள். எஞ்சின் விசிறி சால்வையையும் சாரத்தையும் பார்த்து இரங்காது. பின் எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி, அதன் முனை எஞ்சின் இரும்பில் தொடும்படி வைத்து, மீண்டும் ஓடவிட்டுக் கேளுங்கள். முன்னையிலும் மோசமாகக் குலுங்கினால் அந்தச் சிலிண்டர் நன்றாக உழைத்தது என்று பொருள். ஒரு மாற்றமும் இல்லையென்றால் உழைக்காத சிலிண்டர் அதுவே. ஒவ்வொன்றாக இப்படிப் பாருங்கள். வயர்களில் துணிப்பட்டி சுற்றி இலக்கம் எழுதிய பின்னரே கழற்றுங்கள். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் A40 போன்றவற்றிலும், பழைய நிசான் சனி பிக்கப்பிலும் பொறி செல்லும் வரிசை 1-3-4-2. வயர் மாறிப் பூட்டினால் புதிய பழுது ஒன்றை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம்.

உழைக்காத சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பாருங்கள். வெளிறிய மண்ணிறம் நல்லது. உலர்ந்த கரி என்றால் பெற்றோல் அதிகம், அல்லது பொறி குறைவு. ஒயில் பிசுபிசுப்பு என்றால் றிங் அல்லது வால்வுப் பக்கம் தேய்ந்திருக்கின்றது. அந்தப் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பூட்டி மறுபடியும் சோதியுங்கள். பழுது பிளக்கோடு கூடவே போனால் பிளக்தான் குற்றவாளி. புதிது ஒன்று வாங்கினால் போதும். போகாவிட்டால் வயரைப் பாருங்கள். நாம் இடம்பெயர்ந்து போன காலத்தில் பற்றைக்குள் நின்ற வண்டி என்றால், எலி கடித்த வயர்கள் கட்டாயம் இருக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டால், வெடித்த வயரில் நீலப் பொறி தாவுவதைக் கண்ணாலேயே காணலாம்.

பிளக்கும் வயரும் நல்லவை, ஆனாலும் அச்சிலிண்டர் உழைக்கவில்லை என்றால் வால்வு இடைவெளியைப் பார்க்க வேண்டும். இதில் பலரும் ஏமாறும் ஓர் இடம் உண்டு. வால்வு "சிக் சிக்" என்று சத்தம் போட்டால் கவலைப்படுகிறோம்; சத்தமில்லாவிட்டால் நல்லது என்று நினைக்கிறோம். உண்மையில் சத்தமில்லாத வால்வே ஆபத்தானது. இடைவெளி முற்றாக அடைபட்டால் வால்வு சரியாக மூடாது. வேகத்தில் அது தெரியாது, ஸ்லோவில்தான் தெரியும், நாளடைவில் வால்வு எரிந்தும் போகும். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முந்திய வார்ப்பிரும்புத் தலை எஞ்சின்களில் வால்வு அமரும் இடம் ஈயத்தின் காப்பு இல்லாமல் மெல்ல மெல்லத் தேய்கின்றது. வால்வு உள்ளே இறங்க இறங்க இடைவெளி குறைகின்றது. ஆகவே மொறிஸ், ஒஸ்ரின் வைத்திருப்பவர்கள் இதை அடிக்கடி பார்ப்பது நல்லது. அவற்றுக்கு எஞ்சின் குளிர்ந்த நிலையில் 0.30 மில்லிமீற்றர். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாக உழைக்காமல் இருந்தால் அவற்றுக்கு இடையில் ஹெட் கஸ்கெற் வெடித்திருக்கக் கூடும். அது கராஜ் வேலை.

நான்கும் சேர்ந்து தடுமாறினால் டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பொயின்றைப் பாருங்கள். முகம் கருகிக் குழி விழுந்திருந்தால் மெல்லிய அரத்தாளால் தேய்த்துத் துடைக்கலாம். ஆழமான குழி என்றால் மாற்றுவதே மலிவு. பொயின்ற் முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி மொறிஸ், ஒஸ்ரினுக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர், நிசான் சனிக்கு 0.45 முதல் 0.55. அளவுத் தகடு இல்லாதவர்கள் சவர பிளேட்டைப் பயன்படுத்தலாம். இருபக்கமும் கூரான சாதாரண பிளேட் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர். ஆகவே நான்கு பிளேட் சேர்ந்தால் 0.4, ஐந்து சேர்ந்தால் 0.5. மேலே சொன்ன வால்வுக்கு மூன்று. கூரைக் கல்லில் மழுக்கிவிட்டுப் பிடியுங்கள். இரும்பு வெட்டும் வாளின் அலகு ஏறக்குறைய 0.6, அது மொறிஸ் பிளக்கின் இடைவெளிக்குப் பொருந்தும்.

அடுத்தது காற்றுக் கசிவு. காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையில் எங்காவது காற்று திருட்டுத்தனமாக நுழைந்தால் கலவை கெட்டு ஸ்லோ தடுமாறும். இணைப்புகளிலும் றப்பர்க் குழாய்களிலும் சிறிது தண்ணீரைத் தூரிகையால் தடவுங்கள். ஓட்டத்தின் ஓசை ஒரு கணம் மாறும் இடத்தில்தான் ஓட்டை. சிலர் இதற்குப் பெற்றோல் தெளிப்பார்கள். சூடான எஞ்சினில் அது தீயோடு விளையாடுவதாகும். பிரேக் பூஸ்ரருக்குப் போகும் தடித்த குழாயை மறக்க வேண்டாம். அதை ஒரு கணம் நசித்துப் பிடிக்க ஓட்டம் சீராகினால், குழாயோ பூஸ்ரரோ ஒழுகுகின்றது. அதாவது உங்கள் வண்டியில் குலுக்கமும் பிரேக் குறையும் ஒரே பழுதுதான். குழாயின் முனை மட்டும் இறுகி வெடித்திருந்தால் அதை வெட்டிவிட்டு மீண்டும் பூட்டலாம். ஆனால் ஸ்லோ நன்றாகின்றதே என்று அக்குழாயை அடைத்துவிட்டு ஓட வேண்டாம்.

இவ்வளவும் சரி என்றால் பெற்றோல் வழியைப் பாருங்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் மாதக்கணக்காக நின்ற வண்டிகளில் காபரேற்றருக்குள் பெற்றோல் பிசின்போல் காய்ந்தது. பழைய தாங்கியின் துருவும் வந்து சேரும். ஸ்லோவுக்கு உரிய ஜெற் மிகச் சிறிய துளை. முதலில் அடைபடுவது அதுதான். பற்றறி வயரைக் கழற்றிவிட்டு, நெருப்பு, பீடி எதுவும் அருகில் இல்லாமல், ஜெற்றைக் கழற்றிப் பெற்றோலில் ஊறவைத்துச் சைக்கிள் பம்பால் ஊதுங்கள். கம்பியோ ஊசியோ விடக் கூடாது. பித்தளைத் துளை பெருத்தால் ஜெற் குப்பைக்குத்தான். சில ஜப்பான் காபரேற்றர்களில் ஸ்லோவுக்கென்று மின் வால்வு ஒன்று உண்டு. சாவியைத் திருப்பும்போது அது "டிக்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வயர் கழன்றிருக்கின்றதா என்று பாருங்கள். அத்துடன் வேலை முடியலாம்.

இனித் திருகாணிக்கு வருவோம். எஞ்சின் நன்றாகச் சூடேறி, சோக் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். கலவைத் திருகாணியை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அமர்கின்றது என்று எண்ணி எழுதிவைத்து, பழைய நிலைக்கே கொண்டு வாருங்கள். இறுக்கி அமர்த்தினால் அதன் கூர் கெடும். பின் கால் சுற்றுக் கால் சுற்றாக இருபுறமும் திருப்பி, எஞ்சின் மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தில் நிறுத்துங்கள். அதன்பின் வேகத் திருகாணியால் ஓட்டத்தைக் குறையுங்கள். நிமிடத்துக்கு 600 முதல் 800 சுற்று வரை பல பழைய எஞ்சின்களுக்குப் போதும்.

மொறிஸ், ஒஸ்ரினில் உள்ள எஸ்.யூ. காபரேற்றருக்குக் கலவைத் திருகாணி இல்லை. அடியிலுள்ள ஜெற் நட்டைத்தான் திருப்ப வேண்டும். கீழே இறக்கினால் பெற்றோல் கூடும், மேலே ஏற்றினால் குறையும். ஒரு தடவைக்கு நட்டின் ஒரு முகம் அளவு மட்டும் திருப்புங்கள். அளவு சரியா என்று பார்க்க, உள்ளிருக்கும் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்துங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். எஞ்சின் அணையப் பார்த்தால் குறைவு. சற்றுக் கூடி மீண்டும் பழையபடி வந்தால் நட்டை அங்கேயே விடுங்கள். ஐந்தாறு மைல் ஓடியபின் பிளக் ஒன்றைக் கழற்றி நிறத்தை மறுபடியும் பாருங்கள்.