யூதர் வீட்டுக் கலியாணம்

கேள்வி: திருப்பதியிலும் எங்கள் சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் கலியாணமென்றால் ஊரே கூடிவிடுகிறது. நம் தேசத்து யூதர்களின் விவாகத்திலும் அத்தகைய வழக்கம் உண்டா?
— வாசகர் ஒருவர், சித்தூர்

பதில்: உண்டு, அவர்களுடைய மரபே அதை வேண்டுகிறது. மணமக்களை வாழ்த்தும் ஏழு ஆசிகளை முறைப்படி ஓதுவதற்கு வயதுவந்த ஆடவர் பதின்மர் சபையில் இருத்தல் வேண்டுமென்பது விதியாதலால், எத்தனை எளிய கிராமத்து விவாகமாயினும் சமூகத்தாரின் பிரசன்னமின்றி அது பூர்த்தியாவதில்லை.

உங்கள் ஆந்திர தேசத்திலேயே, குண்டூர் ஜில்லாவில் சேப்ரோலுவை அடுத்த கொத்தரெட்டிபாலெத்தில், தெலுங்கு பேசும் பெனே எப்ராயீம் சமூகத்தார் 1991-இல் ஜெபாலயம் நிறுவி யூத நெறியை அனுஷ்டித்து வருகின்றனர். ஆயினும் இவ்விஷயத்தில் நீண்ட சரித்திரம் உடையது மலையாள நாடே. கொச்சி, பரூர், மாளை, சேந்தமங்கலம் முதலிய ஊர்களில் பல நாள் நீடித்த யூதர் கலியாணங்களில், ‘கெத்துபா’ என்னும் விவாக உடன்படிக்கையை வாசிக்கும் புராதன முறையோடு, அண்டை அயலாரைப் போலவே மணமகளுக்குத் தாலி அணிவிக்கும் வழக்கமும் இணைந்திருந்தது. பிற தேசத்து வைதிக யூதர் பலர் ஆடவர் முன்னிலையில் மாதர் பாடுவதை விலக்கியிருக்க, இங்கேயோ பெண்கள், தாங்கள் நோட்டுப் புத்தகங்களில் எழுதிப் பேணிவந்த மலையாளப் பாடல்களைச் சபை நடுவிலேயே பாடி மகிழ்ந்தனர்.

1950-களில் இவர்களிற் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்து, நெவாத்தீம் போன்ற வேளாண் கிராமங்களில் ஒருங்கே குடியேறினர். நாளடைவில் கொச்சியில் வழிபாட்டுக்கே பதின்மர் சேர்வது அரிதாயிற்று என்றால், கலியாணம் நடப்பதற்குத் தனமும் பந்தலும் மட்டும் போதா, ஜனமும் வேண்டும் என்பது விளங்கும்.