மனைவியின் புத்தக வெளியீட்டுக்கு உடன் போகிறவர்களுக்கு

தமிழில் புதுப் புத்தகங்களில் பெரும்பங்கு ஜனவரியில், சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டித்தான் வருகிறது. வெளியூர் எழுத்தாளர்கள் அதற்காக ரயிலேறுகிறார்கள். ஆண் என்றால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். பெண் என்றால் பிள்ளைகளை யார் பார்ப்பது, பொங்கல் வேலையை யார் பார்ப்பது, துணைக்கு யார் போவது என்று வீட்டில் பேச்சு எழுகிறது. என் மனைவி நாவல் எழுதுபவர். திருநெல்வேலியிலிருந்து அவரோடு வெளியீடுகளுக்குப் போய்வருகிறவன் நான். உடன் போகும் கணவர்களுக்குச் சொல்ல எனக்குச் சில விஷயங்கள் இருக்கின்றன.

செய்ய வேண்டியவை

டிக்கெட்டை நீங்கள் எடுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. பொங்கலை ஒட்டிய நாட்களில் நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்று தென்மாவட்டக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதிப்பாளர் தேதியை உறுதி செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். விழாவுக்கு முந்தின நாளே சென்னையில் இருப்பதுபோலப் பார்த்துக்கொள்ளுங்கள். இரவெல்லாம் ரயிலில் வந்துவிட்டு அன்று மாலையே மேடையேறுவது யாருக்கும் கொடுமை.

வீட்டுப் பொறுப்பு உங்கள் எண்ணுக்கு வரட்டும். இந்தப் பயணத்தில் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான். அம்மாவின் சர்க்கரை மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது, பால்காரருக்கு எவ்வளவு பாக்கி, மகனின் பள்ளிச் சீருடை எங்கே காய்கிறது என்பதெல்லாம் கிளம்புவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "எதுன்னாலும் எனக்குப் போன் போடுங்கம்மா, அவளுக்குப் போட வேண்டாம்" என்று வீட்டாரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். ஏற்புரைக்கு முந்தின அரைமணி நேரத்தில் குழம்புப்பொடி எங்கே என்று கேட்டு ஒரு அழைப்பு வந்தால், மனத்தில் கட்டிவைத்திருந்த பேச்சு கலைந்துபோகும். அவர் போனைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அவராகத் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

புத்தகத்தின் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள். 300 பக்க நாவல் ஏறக்குறைய 350 முதல் 400 கிராம் வரும். நூறு பிரதிகள் என்றால், படுக்கை வசதிப் பெட்டியில் ஒருவருக்கு அனுமதிக்கும் 40 கிலோ அதற்கே சரியாகப்போய்விடும். கையில் இருபது பிரதி போதும், மற்றவை பதிப்பகத்தின் கடைக்கு நேரே போகட்டும். திரும்பும்போது நண்பர்கள் தந்த புத்தகங்களும் சேர்ந்துவிடும். அவற்றை வீட்டுக்கு அனுப்ப அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய ஞான் போஸ்ட் சேவை இருக்கிறது. 5 கிலோ வரை 100 ரூபாயும் வரியும்தான். எழுத்தாளர் சி.சு. செல்லப்பா தன் 'எழுத்து' வெளியீடுகளைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். அந்தச் சுமையில் பாதியை இன்று நீங்கள் வாங்கிக்கொள்ளலாம்.

மாலை ஐந்து மணிக்கு அவரை டிபன் சாப்பிட வையுங்கள். அழைப்பிதழில் ஆறு மணி என்று இருந்தால் வரவேற்புரை, முதல் பிரதி, வாழ்த்துரைகள் எல்லாம் முடிந்து ஏற்புரைக்கு எட்டு ஆகிவிடும். வெந்நீர்க் குடுவை ஒன்றும் கூடவே இருக்கட்டும். புத்தகக் காட்சி மைதானத்தின் தூசி தொண்டையைக் கட்டிவிடும்.

கையெழுத்து வாங்க வருகிறவர்களிடம் துண்டுச் சீட்டில் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். ஒருவர் தன் பெயரை றகரத்தில் எழுதுவார், இன்னொருவர் ரகரத்தில். இரைச்சலில் காதால் கேட்டு எழுதினால் தப்பாகிவிடும், அடித்தல் திருத்தலோடு அந்தப் புத்தகம் அவர் வீட்டில் ஆயுளுக்கும் இருக்கும். பேனா இரண்டு, கொஞ்சம் சில்லறை. அரங்குகளுக்குள் சில நேரம் சிக்னல் கிடைக்காது, ஜிபே ஓடாது.

மேடைப் பேச்சுகளைக் கவனித்துக் கேளுங்கள், முடிந்தால் குறித்துவையுங்கள். மேடையில் இருப்பவருக்குப் பதற்றத்தில் பாதி காதில் விழாது. யார் எந்த அத்தியாயத்தைப் பற்றி என்ன சொன்னார் என்று இரவில் அவர் உங்களிடம்தான் கேட்பார்.

செய்யக்கூடாதவை

அவரிடம் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லக் கூடாது. கடையில் நிற்கும்போது வாசகர்களில் சிலர், பழக்கத்தினால், கணவரைப் பார்த்தே பேசுவார்கள். "சார், இந்தக் கதைக்கு எப்படிக் கரு கிடைச்சுது?" என்பார்கள். "அவங்ககிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்துகொள்ளுங்கள்.

"நீங்கதான் எழுத விட்டீங்களாக்கும், பெரிய மனசு" என்ற பாராட்டை ஏற்றுக்கொள்ளாதீர்கள். எழுதுவதற்கு அனுமதி தருகிற இடத்தில் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. கவிஞர் சல்மா தன் பெயரை மறைத்து, வீட்டாருக்குத் தெரியாமல் எழுத வேண்டியிருந்தது. அவருடைய முதல் தொகுப்பு வந்தது 2000இல். தாத்தா காலத்துக் கதையல்ல இது. அந்தப் பாராட்டுக்குத் தலையாட்டினால் அதே வழக்கத்துக்கு நாமும் கைகொடுத்தவர்கள் ஆவோம். அவர் எழுதினார், நான் படித்தேன் என்று சொல்லுங்கள்.

நாவலில் வரும் கணவன் நீங்கள்தானா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வியை நீங்களும் வீட்டுக்குள் எழுப்ப வேண்டாம். அடுத்த நாவலில் கை தயங்கும்.

ராயல்டிக் கணக்கை அவர்முன் போடாதீர்கள். வழக்கமான 10 சதவீதத்தில், 300 ரூபாய்ப் புத்தகத்துக்கு 30 ரூபாய். ரயில் கட்டணமும் விடுதி வாடகையும் அதில் ஈடாகாது என்பது கிளம்பும்போதே இருவருக்கும் தெரியும். தங்கை கல்யாணத்துக்குப் போய்வந்த செலவை யாரும் வரவோடு ஒப்பிடுவதில்லை. இதையும் அப்படியே விடுங்கள்.

காலி நாற்காலிகளை எண்ணாதீர்கள். பக்கத்துக் கடையில் யாருக்கு வரிசை நிற்கிறது என்றும் சொல்லாதீர்கள், அவர் அதை உங்களுக்கு முன்பே பார்த்திருப்பார்.

சென்னை வந்த கையோடு தாம்பரம் அத்தை, அம்பத்தூர் சித்தப்பா, தி.நகர் புடவைக்கடை என்று பட்டியல் போடக் கூடாது. அத்தை கோபித்துக்கொண்டால் சமாதானம் சொல்வது உங்கள் வேலை. அவருக்குச் சக எழுத்தாளர்களோடு தேநீர்க் கடை ஓரத்தில் நின்று பேச வருஷத்துக்கு இந்த நாலு நாள்தான் கிடைக்கிறது. அந்தப் பேச்சில் கூப்பிட்டால் கலந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் புத்தகக் காட்சி நடக்கும் நந்தனம் மைதானத்தில் கடைகளுக்குக் குறைவில்லை; சுற்றிப் பாருங்கள். எத்தனை மணிக்கு வருவாய் என்று மட்டும் கேட்க வேண்டாம்.

விழா முடிந்த இரவில் பேச்சைத் திருத்தாதீர்கள். "இன்னாருக்கு நன்றி சொல்ல மறந்துட்டியே" என்பது உண்மையாகவே இருக்கலாம். காலையில் சொன்னால் ஒரு போனில் முடிகிற விஷயம், இரவில் சொன்னால் அவர் தூங்க மாட்டார்.

எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் மின்பொறியாளரான கணவரின் பணிமாற்றங்களோடு ஊர் ஊராகப் போனவர். அப்படிப் போன நீலகிரியிலிருந்துதான் அவருடைய 'குறிஞ்சித்தேன்' நாவல் வந்தது. கணவனின் வேலைக்குப் பின்னால் மனைவி போவது நம் வீடுகளில் கேள்வியே இல்லாமல் நடந்திருக்கிறது. மனைவியின் வேலைக்காகக் கணவன் நாலு நாள் விடுப்பு எடுப்பதும் அப்படியே நடக்கட்டும். ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன்: புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை படிக்காமல் அவரோடு ரயிலேறாதீர்கள்.